ஒரே புத்தகம், மூன்று விலை: பழைய முத்து காமிக்ஸ் வாங்கப்போன அனுபவம்

'நாச அலைகள்' என்ற முத்து காமிக்ஸ் புத்தகத்தின் பழைய பிரதி ஒன்றுக்கு சென்னை வியாபாரி 6,500 ரூபாய் சொன்னார். மதுரைக்காரர் 4,800. திருச்சியிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசியவர் 3,500. மூன்று பேருமே "சூப்பர் கண்டிஷன் சார்" என்றார்கள். குறைச்சலாகச் சொன்னவரிடம் வாங்கிவிட்டுப் போவதுதானே என்று வீட்டில் கேட்டார்கள். பழைய காமிக்ஸ் வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும், அது அவ்வளவு லேசான காரியம் இல்லை. அலைந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், அடுத்து வாங்கப்போகிறவர்களுக்காவது பணமும் நேரமும் மிச்சமாகட்டும்.

கதை எனக்கு மனப்பாடம். மறுபதிப்பு அலமாரியில் இருக்கிறது. நான் தேடியது எழுபதுகளில் அச்சான பிரதியை. 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி' என்ற முதல் புத்தகத்தோடு சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அந்த மாயாவி நாயகனாக வரும் ஆரம்ப காலத்துப் புத்தகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வருகிறேன். 'பாம்புத் தீவு' ஒரு நண்பர் மூலமாகச் சுலபமாகக் கிடைத்துவிட்டது. 'நாச அலைகள்'தான் பாடாய்ப் படுத்தியது.

அமெரிக்க காமிக்ஸ் சேகரிப்பவர்களுக்கு விலை விஷயத்தில் ஒரு பிடிமானம் உண்டு. ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு 1970இலிருந்து வந்துகொண்டிருக்கிறது. 2000இல் காமிக்ஸுக்குத் தரம் பார்த்துச் சொல்லும் சிஜிசி நிறுவனம் தொடங்கிய பிறகு, புத்தகத்தைப் பக்கம் பக்கமாகச் சோதித்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்தே தருகிறார்கள். 9.2 என்று போட்டிருந்தால் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் பேச்சு ஒன்றுதான். பெரிய ஏல நிறுவனங்களில் என்ன விலைக்குப் போனது என்பதை யாரும் பார்த்துக்கொள்ளலாம். நம்மிடம் இதில் எதுவும் கிடையாது, வியாபாரி வாயில் வந்ததுதான் விலை. காமிக்ஸ் விற்கும் இணையக் குழுக்களில் புத்தகம் போனதும் "சோல்ட்" என்று போட்டுவிட்டு விலையை அழித்துவிடுகிறார்கள். கேட்ட விலை நமக்குத் தெரியும், கைமாறிய விலை தெரியாது. அழிப்பதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் ஒரு நோட்டில் புத்தகத்தின் பெயர், அட்டை இருக்கிறதா, கேட்ட விலை, வாங்கியவர் சொன்ன விலை என்று எழுதி வருகிறேன். வாங்கியவரிடம் தனியாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மறைக்காமல் சொல்கிறார்கள். கேட்ட விலைக்கும் கொடுத்த விலைக்கும் பல தடவை பாதிக்குப் பாதி வித்தியாசம் இருந்தது.

சென்னைக்காரரிடம் நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பின்னட்டை, நடுப்பக்கம், ஸ்டேப்ளர் பின் அடித்த இடம், பதிப்பாளர் முகவரி அச்சான பக்கம், இந்த நாலுக்கும் போட்டோ. முடிந்தால் பக்கங்களை வரிசையாகப் புரட்டி ஒரு வீடியோ. நடுப்பக்கத் தாள்தான் முதலில் கழன்று தொலையும் என்பதால் அதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அவர் அனுப்பியது முன்னட்டைப் படம் ஒன்று மட்டும், அதுவும் மேல்மூலை வெட்டுப்பட்டு. மறுபடி கேட்டதற்கு, "இவ்ளோ கேள்வி கேக்குறவங்க யாரும் வாங்கினதில்ல சார். ஆயிரம் ரூபா ஜிபே பண்ணிட்டுப் பேசுங்க. இன்னொரு பார்ட்டி வேற வெயிட்டிங்" என்றார். நான் பணம் அனுப்பவில்லை. இந்த 'இன்னொரு பார்ட்டி' எல்லா வியாபாரியிடமும் இருப்பார். அதைக் கேட்டுப் பதறிப்போய் முன்பணம் போட்டுவிடாதீர்கள்.

மதுரைக்காரர் போனில் தன்மையாகப் பேசினார். "நேர்ல வந்து பாருங்கண்ணே, கையில எடுத்துப் பாத்துட்டுப் பிடிச்சா எடுங்க" என்றார். ஈரோட்டிலிருந்து கிளம்பிப் போனேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் கடை. அவர் எடுத்து வைத்தது ஒரு பைண்டு வால்யூம். எழுபதுகளில் வாடகை நூலகங்களில் ஏழெட்டு காமிக்ஸை ஒன்றாக அடுக்கி, முதுகில் துளை போட்டு, நூலால் இறுக்கித் தைத்து, காலிகோ துணி ஒட்டித் தருவார்களே, அந்த ரகம். தைத்த பிறகு மூன்று பக்கமும் மெஷினில் ஓரம் வெட்டியிருந்தார்கள். நாலாவதாக இருந்தது 'நாச அலைகள்'. முன்னட்டை இருந்தது, பின்னட்டை இல்லை. ஓரம் வெட்டியதில் பல பக்கங்களில் மேல் கட்டத்து வசனத்தின் முதல் வரி தலையில்லாமல் நின்றது. முதுகுப் பக்கம் தையலுக்குள் ஒவ்வொரு படத்திலும் ஒரு விரற்கடை போய்விட்டது.

போனில் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கேட்டபோது, "உள்ள கதை முழுசா இருக்குல்லண்ணே" என்றார். மொத்த வால்யூமையும் கேட்டால் 30,000. வேண்டாம் என்றதும் மேசை டிராயரிலிருந்து பிளேடை எடுத்து, "அதை மட்டும் அறுத்துத் தர்றேன், 4,800 கொடுங்க" என்று தையலில் வைக்கப்போனார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நடுவில் அறுத்தால் முன்னும் பின்னும் இருக்கிற புத்தகங்கள் தாள் தாளாகக் கழன்றுவிடும். ஐம்பது வருஷம் தப்பிப் பிழைத்த புத்தகங்கள் அவை. அறுக்க வேண்டாம், எனக்கு எதுவுமே வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். "இம்புட்டு தூரம் வந்துட்டு சும்மா போறீங்களேண்ணே" என்றார். பஸ் காசும் ஒரு நாளும் போனதுதான் மிச்சம். அன்றிலிருந்து யாரிடம் விசாரித்தாலும் என் முதல் கேள்வி "தனிப் புத்தகமா, பைண்டிலிருந்து பிரித்ததா?" என்பதுதான். முதுகில் வரிசையாகத் துளை இருந்தால் பிரித்தது. தனிப் புத்தகத்துக்குக் கேட்கிற விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

இதற்கு நடுவில் வேறொரு வியாபாரி 'இரும்புக்கை மாயாவி'யே இருக்கிறது, 1972 முதல் பதிப்பு, 25,000 ரூபாய் என்று வந்தார். இவர் போட்டோவெல்லாம் தாராளமாகவே அனுப்பினார். அட்டை பளிச்சென்று இருந்தது. கடைசிப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், சிவகாசி முகவரிக்குப் பக்கத்தில் ஆறு இலக்கப் பின்கோடு. பின்கோடு முறை நடைமுறைக்கு வந்ததே 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான். ஜனவரியில் அச்சான புத்தகத்துக்குள் அது எப்படி வரும்? பிற்காலத்து மறுபதிப்பு ஒன்று அட்டையை இழந்திருக்கிறது, அதற்கு ஒரு கலர் ஜெராக்ஸ் அட்டையை மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். இதைச் சொல்லிக் கேட்டேன். பதில் வரவில்லை, என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அந்த 25,000 தப்பியதில் இன்றைக்கும் எனக்கு நிம்மதி.

முகவரிப் பக்கத்தை ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு இன்னும் இரண்டு காரணங்கள். சிவகாசி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. காமராஜர் மாவட்டம் என்றோ விருதுநகர் மாவட்டம் என்றோ அச்சாகியிருந்தால் அது எழுபதுகளின் புத்தகம் இல்லை. அடுத்தது எழுத்து. லை, னை, றா, ணா போன்றவற்றுக்கு இன்றைய வடிவத்தை அரசு ஆணையாகப் போட்டது 1978 அக்டோபரில். 1972 என்று சொல்லிக் காட்டும் புத்தகத்தில் 'லை' இன்றைய வடிவத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய வடிவம் இருந்தால் மட்டும் முதல் பதிப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆணை வந்த மறுநாளே எல்லா அச்சகமும் அச்செழுத்தை மாற்றிவிடவில்லை.

ஜெராக்ஸ் அட்டையைப் போட்டோவில் கண்டுபிடிப்பது கஷ்டம், கையில் வந்தால் சுலபம். அட்டையின் உட்புறத்தைப் பாருங்கள். உள்தாள் பழுப்பேறியிருக்க, அட்டையின் உட்புறம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தால் அது புதுசு. பின் துருப்பிடித்த கறை உள்தாளிலும் அட்டையிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். உள்ளே துரு, வெளியே பளபளக்கும் புதுப் பின் என்றால் அட்டை அந்தப் புத்தகத்துடையது இல்லை. செல்லோடேப் ஒட்டியதையும் லேமினேஷன் செய்ததையும் 'பாதுகாப்பாக வைத்திருக்கிறேன்' என்று கூடுதல் விலை சொல்வார்கள். இரண்டும் புத்தகத்தைக் கெடுத்தவைதான், விலை குறைய வேண்டும். இன்னொன்று, 'மாயாவி' என்று மட்டும் போட்டுத் தேடினால் ராணி காமிக்ஸில் வந்த முகமூடி வீரர் மாயாவியும் சேர்ந்து வந்து விழும். அது வேதாளர் (ஃபேண்டம்) கதை, அதன் விலையே வேறு.

திருச்சிக்காரரிடம் வருகிறேன். அவர் அனுப்பிய அட்டைப் படம் முழுசாக இருந்தது. மேல்மூலையில் நீல மையில் 47 என்று ஒரு நம்பர், ஏதோ வாடகை நூலகத்து நம்பராக இருக்கும். தலைப்புக்குக் கீழே ராமபாணப் பூச்சி அரித்த தடம், வளைந்து வால்போல நீண்டிருந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று உறுத்தியது. சென்னைக்காரர் அனுப்பிய படத்தைத் தேடியெடுத்து லேப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே அரிப்பு, அதே வளைவு, அதே இடத்தில் துருக்கறை. மூலையில் இருந்த 47 மட்டும் வெட்டுப்பட்டிருந்தது. 6,500க்கும் 3,500க்கும் இவ்வளவு நாள் நான் மாய்ந்து மாய்ந்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தது ஒரே பிரதியை! கோபத்தில் அன்றிரவு தூக்கமே வரவில்லை.

அப்படியானால் புத்தகம் யார் கையில் இருக்கிறது? திருச்சிக்காரரிடம், என் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் புத்தகத்தின்மேல் வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றேன். எல்லோரும் இதைக் கட்டாயம் கேளுங்கள். புத்தகம் கையில் இருப்பவருக்கு இது ஒரு நிமிஷ வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தவர், கடைசியில் துண்டுத்தாள் இல்லாமலேயே வேறொரு படத்தை ஃபார்வர்டு செய்தார். மர மேசைமேல் புத்தகம், பின்னால் சுவரில் தினசரிக் காலண்டர் அட்டை, அதன் அடியில் பாதி தெரிந்த கடை முகவரி. பெரிதாக்கினால் 'உக்கடம், கோவை' என்று படிக்க முடிந்தது.

உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகள் எனக்குப் பழக்கம்தான். போய் ஒவ்வொரு கடையாக விசாரித்ததில் ஒரு பெரியவர், "அதுங்களா? இருக்குதுங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு பாலிதீன் கவரை எடுத்துவந்தார். 47 இருந்தது. பூச்சித் தடமும் இருந்தது. எனக்குக் கை நடுங்கியது.

"ஏனுங்க ஐயா, இதை யாருக்காவது கொடுக்கறதாச் சொல்லியிருக்கீங்களா?"

"யாருக்குமில்லீங்க. ரெண்டு பசங்க வந்து போட்டோ மட்டும் எடுத்துட்டுப் போனாங்க. ஆள் வந்தா வாங்கிக்கறோம்னாங்க, அப்புறம் காணோம்."

2,000 என்றார். அவசரப்படாமல் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். நடுப்பக்கம் பத்திரமாக இருந்தது. முகவரியில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அட்டையின் உட்புறமும் உள்தாளும் ஒரே பழுப்பு. ஒரு தாளில் மட்டும் கீழ்மூலை மடங்கி ஒடிந்து, ஒரு வசனத்தின் கடைசிச் சொல் போயிருந்தது. மலிவுத் தாள் இந்த வயதில் மடித்தால் அப்பளம்போல ஒடியும், அதனால் மூலை மடிப்புகளை நிமிர்த்திப் பார்க்கவே கூடாது. ஒடிந்த மூலையைக் காட்டினேன். அவரே 1,800 கொடுங்க போதும் என்றார், அதற்குமேல் பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை. கேட்காமலேயே இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டிக்கொடுத்தார்.

கூரியரில் வரவழைப்பதாக இருந்தால் இந்த அட்டை விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுருட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், வந்து சேரும்போது முதுகு இரண்டாகியிருக்கும்.

திருச்சிக்காரருக்குப் புத்தகம் கிடைத்துவிட்டது என்று மட்டும் எழுதினேன். உடனே படத்தை நீக்கிவிட்டார். சென்னைக்காரர் நீக்கவில்லை. போன வாரம்கூட அதே மூலை வெட்டிய படத்தைப் போட்டு, இப்போது 7,000 கேட்டிருந்தார். சேலத்து நண்பர் ஒருவர் அவருக்கு முன்பணம் அனுப்பப்போவதாகச் சொன்னார். என் பிரதியின்மேல் அந்த நண்பரின் பெயரை எழுதிய துண்டுத்தாளை வைத்து, 47 தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து நண்பருக்கு அனுப்பினேன். பணம் போகவில்லை.