‘ஆர்வோ’வில் தடுக்கிய காது: ஓ.இ.டி. தேர்வு அனுபவம்

வெளிநாட்டில் பணியாற்ற விரும்பும் செவிலியர்கள் எழுதும் ஓ.இ.டி. என்னும் ஆங்கில மொழித் தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, ஒரு பயிற்சி ஒலிப்பதிவில் நோயாளி தமக்கு நேற்று ‘ஆர்வோ’விலிருந்து உடம்பு சரியில்லை என்றார். அது ஏதோ ஊரின் பெயராக இருக்குமோ என்று நான் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அடுத்த இரண்டு விடைகள் காதைக் கடந்து போய்விட்டன. கேட்டல் பகுதியில் 42 வினாக்கள் உண்டு. ஒலிப்பதிவோ ஒரே முறைதான் ஓடும். ‘ஆஃப்டர்நூன்’ என்பதையே ஆஸ்திரேலியர் ஆர்வோ என்று சுருக்குகிறார்கள் என்பது விடைகளைச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது.

அதன்பின் பட்டியல்களை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, சொற்கள் சுருங்கும் விதத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். ஆஸ்திரேலியர் சொல்லின் தலையை மட்டும் வைத்துக்கொண்டு, வாலில் ‘ஓ’ அல்லது ‘இ’ சேர்க்கிறார்கள்: ஆம்புலன்ஸ் ஊழியர் ‘ஆம்போ’, பெட்ரோல் நிலையம் ‘சர்வோ’, காலை உணவு ‘பிரெக்கி’, தச்சரும் குழாய் பழுதுபார்ப்பவரும் ‘டிரேடி’. நமக்கு மழலை போல ஒலித்தாலும், அங்கே பெரியவர்களும் இயல்பாக இப்படித்தான் பேசுகிறார்கள். மெக்டொனால்ட்ஸ் நிறுவனமே 2013இல் அங்குள்ள சில கடைகளின் பெயர்ப்பலகையில் ‘மக்காஸ்’ என்று எழுதியது. பிரிட்டனிலும் குடை ‘பிராலி’, தொலைக்காட்சி ‘டெலி’ என்று வரும். இவை ஓரளவு ஊகிக்கக்கூடியவை.

முதலெழுத்துச் சுருக்கங்கள்தான் உண்மையில் இடறுபவை. அவசரச் சிகிச்சைப் பிரிவு அமெரிக்கருக்கு ‘ஈ.ஆர்.’, பிரிட்டனில் ‘ஏ அண்ட் ஈ’, ஆஸ்திரேலியாவில் ‘ஈ.டி.’. அமெரிக்கர் ‘ஓ.ஆர்.’ என்னும் அறுவைக் கூடத்தை மற்ற இரு நாட்டவரும் ‘தியேட்டர்’ என்பார்கள். (பி.பி., ஓ.பி. என்று நாள் முழுவதும் சுருக்கிப் பேசும் நாம் அவர்களைக் குறை சொல்ல இயலாது.)

எழுத்துப் பகுதியில் நான் செய்த தவறு இதற்கு நேர்மாறானது. நோயாளர் குறிப்பில் மூச்சுத் திணறலைக் குறிக்கும் ‘எஸ்.ஓ.பி.’ என்ற மூன்றெழுத்தை, சமூகப் பணியாளருக்கு எழுதிய பயிற்சிக் கடிதத்தில் அப்படியே வைத்துவிட்டேன். அதே மூன்றெழுத்து ஆங்கிலத்தில் ஒரு வசைச் சொல்லும் ஆகும் என்று ஆசிரியர் சொன்னபோது வெட்கமாகிவிட்டது. வாசிப்பவருக்குப் பழக்கமான சுருக்கமா என்பதும் இத்தேர்வில் மதிப்பிடப்படுகிறது. ஆகவே மருத்துவருக்கு எழுதும்போது ‘பி.பி.’ இருக்கலாம், மருத்துவத் துறை சாராதவருக்கு விரித்தே எழுத வேண்டும்.

அன்றிலிருந்து என் குறிப்பேட்டின் இடப்பக்கம் காதுக்கு, வலப்பக்கம் கைக்கு. ஆர்வோவும் ஆம்போவும் இடப்பக்கத்தோடு நின்றுவிடும். எழுத்துத் தேர்வின் 45 நிமிடங்களில் கடைசி மூன்றை, வலப்பக்கத்தில் இல்லாத சுருக்கம் ஏதேனும் கடிதத்தில் நுழைந்துவிட்டதா என்று தேடுவதற்கென்றே ஒதுக்கினேன்.