வேற கணக்கு

“அந்தப் பாப்பாவுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவும்மா குடுக்கிறீங்க?”

சனிக்கிழமை பிள்ளைகளுக்கான மண்பாண்ட வகுப்பு முடிந்து சக்கரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஐயா கேட்டார். குரலில் கோபம் இல்லை. நான் கொடுத்த கவரை இன்னும் பிரிக்கக்கூட இல்லை. “அது வேற கணக்குங்கய்யா” என்றேன். “சரிம்மா” என்று சொல்லிவிட்டு, கையை அலம்பிக்கொண்டு மானாமதுரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ‘சரிம்மா’ இன்னும் என்னை விடவில்லை.

நான் சொன்னது பொய் இல்லை. நிதி தருபவர்களின் படிவத்தில் ‘பயிற்றுநர்’, ‘உதவியாளர்’ என்று இரண்டே வரிசை. பக்கத்தில் கல்வித் தகுதிக்கு ஒரு கட்டம். பாப்பா என்று ஐயா சொன்னது எங்கள் பயிற்றுநரை. மண்பாண்ட வடிவமைப்பில் பட்டம் வாங்கியவர், அவருக்கு 1,500 ரூபாய். ஐயா ஐந்தாம் வகுப்பு, அவருக்கு 700. விதி என்னுடையது அல்ல. ஆனால் படிவத்தை நிரப்பியது நான்தான். ஐயாவை மேல் வரிசையில் போடலாமா என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை.

சூளைக்கு அடுக்கும் நாளில் இரண்டு பேரும் அலமாரி முன்னால் நிற்பார்கள். பாப்பா பிள்ளைகளுக்கு விளக்குவார்: மண்ணுக்குள் ஈரம் மிச்சமிருந்தால் 100 டிகிரியைத் தாண்டும்போது ஆவியாகிப் பானையை வெடிக்க வைத்துவிடும், 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும், அதனால் அந்த இடத்தைப் பொறுமையாகக் கடக்க வேண்டும். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது. ஆனால் இந்தக் கிண்ணம் இன்றைக்குக் காய்ந்துவிட்டதா என்பதற்கு அவர் ஐயாவைத்தான் பார்ப்பார். ஐயா சுடாத கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, அதன் அடியைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். “சில்லுன்னு இருக்கு. ரெண்டு நாள் போகட்டும்.” பாப்பா அதைத் தன் நோட்டில் குறித்துக்கொள்வார். அவர் ஐயாவைக் கூப்பிடுவதே ‘ஆசான்’ என்றுதான். என் பதிவேட்டில் மட்டும்தான் அவர் உதவியாளர்.

2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை எங்கள் துண்டறிக்கையின் முதல் வரியாகப் போட்டதும் நான்தான். அந்தக் கண்மாய் மண்ணின் பெருமையை நீட்டி எழுதத் தெரிந்தது எனக்கு.

சில சமயம் இப்படியும் நினைப்பேன்: அவர் கூலியை ஒப்பிட்டே கேட்கவில்லையோ என்னவோ. அடுத்த வாரம் பாப்பாவிடம், எந்தக் காலேஜில் படித்தார், எத்தனை வருடம் என்றெல்லாம் விசாரித்திருக்கிறார். பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். இந்தப் படிப்பு படித்தால் பிழைக்க முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாரோ? அப்படியென்றால் நான் வீணாக உறுத்திக்கொண்டிருக்கிறேன். இல்லை, அப்படியென்றால் இன்னும் மோசம். ஒரு தாத்தா பேத்திக்காகக் கேட்ட கேள்வியை, கூலி உயர்வு கேட்கிறார் என்று நானாக நினைத்து வாயை அடைத்திருக்கிறேன். எதற்காகக் கேட்டார் என்று அவரிடமே கேட்டுவிடலாம். கேட்டால் அந்த 1,500ஐச் சொல்ல வேண்டி வரும்.

இந்த வருடம் குழுவில் பேசி அவருக்கு 1,000 ஆக்கினேன். அதற்கே இரண்டு கூட்டம் ஆனது, அது உண்மை. அது போதாது என்பதும் எனக்குத் தெரியும். போன சனிக்கிழமை கவரைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, “கூட இருக்கேம்மா, எதுக்கு?” என்றார்.

சொல்லியிருக்கலாம். பாப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார்.

“பஸ் செலவு இருக்குல்லங்கய்யா” என்றேன்.

“சரிம்மா” என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனார். பிள்ளைகள் செய்த ஒன்பது கிண்ணங்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். நான்காவதை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.