குச்சி வைத்து எண்ணிய ராஜா

நேற்று சாயங்காலம் தேவிபட்டினம் கடற்கரையில், நவபாஷாணக் கற்களுக்கு எதிரே உட்கார்ந்து மணிப்பூரின் பாகங்பா ராஜாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இருட்டியதுகூடத் தெரியவில்லை.

முழுப்பெயர் நோங்டா லைரென் பாகங்பா. மணிப்பூரின் மைதேயி இன அரசர்களின் வரலாற்றேடான செய்தாரோல் கும்பாபா இவரிலிருந்துதான் தொடங்குகிறது. கி.பி. 33-இல் லைஸ்ரா ராணியோடு பட்டமேறி, 120 ஆண்டு ஆண்டார் என்கிறது அது! ஒரே ஆள் அவ்வளவு காலமா? பல தலைமுறை ஆட்சி ஒரு பெயருக்குள் சேர்ந்துபோயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அங்கே ஆண்டுக்கணக்கு ஒழுங்குக்கு வந்ததே 1485 வாக்கில், கியாம்பா ராஜா காலத்தில். 'செய்' என்றால் குச்சி. குச்சி வைத்து ஆண்டை எண்ணியதால்தான் ஏட்டுக்கே அந்தப் பெயர். எவ்வளவு அழகு!

சரி, என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. பாகங்பா அங்கே வெறும் ராஜா இல்லை, சாமி. தலையில் மான்கொம்பு முளைத்த பாம்பு உருவம், உடம்பு முடிச்சு முடிச்சாகப் பின்னிக் கிடக்கும். அந்தப் படத்தைப் பார்த்ததும் எங்கள் அரசமரத்தடி நாகர் கல்தான் ஞாபகம் வந்தது. ஒன்றையொன்று பின்னிய இரண்டு பாம்பு, அப்பத்தா பூசிய மஞ்சள் அந்த மடிப்புகளுக்குள் மட்டும் இன்னும் காயாமல் இருக்கும்.

இம்பாலில் அவருடைய காங்லா கோட்டை 2004 வரை துணை ராணுவத்தினர் கையில் இருந்ததாம். அப்புறம்தான் மக்களிடம் திரும்பியது. ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கவேண்டும்.