வாலிநோக்கம் பொட்டலில் டிஸ்க் கோல்ஃப்

நடுக்கம்பத்தைச் சுற்றிச் சங்கிலிகள் தொங்கும் கூடையில், பறக்கும் தட்டை மிகக் குறைந்த வீச்சுகளில் சேர்க்கும் விளையாட்டுதான் டிஸ்க் கோல்ஃப். மரங்கள் குறைந்த டிஸ்க் கோல்ஃப் களம் எளிதாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை, வாலிநோக்கம் அருகே கடலோரப் பொட்டலில் நண்பர்கள் அமைத்திருக்கும் களம் முதல் வீச்சிலேயே தகர்த்துவிடுகிறது. 1975இல் இந்த விளையாட்டின் முன்னோடியான எட் ஹெட்ரிக் கலிஃபோர்னியாவில் வடிவமைத்த களத்தில் ஓக் மரங்கள் செய்த வேலையை, இங்கே ஒற்றைப் பனைகளும் தென்மேற்குக் காற்றும் செய்கின்றன. எதிர்காற்று பலமாக இருந்தால், வலக்கைக்காரர் பேக்ஹேண்டாக, அதாவது கையை உடலுக்குக் குறுக்கே இழுத்து, வீசும் இலகுவான தட்டு வலப்பக்கம் கவிழ்ந்து உடைமுட்களுக்குள் போய் விழும். பின்காற்றிலோ அதே தட்டு நேராகப் பறந்து, எதிர்பார்த்ததற்கு முன்பே தரையிறங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது உப்பளத்தை ஒட்டிய கூடைதான். வரப்பைத் தாண்டினால் ஒரு வீச்சு தண்டம் என்பதால், எவ்வளவு துணிவது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வைக்கும் அருமையான அமைப்பு அது. உப்புக்காற்றில் துருவேறி இறுகிய சங்கிலிகள் மெல்ல விட்ட தட்டைப் பிடிப்பதில்லை. நடுக்கம்பத்தைக் குறிவைத்துச் சற்று அழுத்தமாகவே எறிய வேண்டும்.