செங்கொடி இறங்கிய பிறகு

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் படையினர் உண்மையான வெடிபொருள்களைக் கொண்டு சுட்டுப் பயிலும் நாள்களில், பயிற்சிக்களத்தைச் சுற்றியுள்ள குன்றுகளில் பகலில் செங்கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் ஏற்றப்படுகின்றன. சுடும் நேரங்கள் முன்கூட்டியே வெளியிடப்படுகின்றன. சுடாத நாள்களில் அதே நிலத்தில் எவரும் நடக்கலாம். ஒரே நிலம் படைக்கும் மக்களுக்கும் பயன்பட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்று கருதுகிறேன்.

டார்ட்மூரின் பொதுநிலங்களில் நடக்கும் உரிமையை 1985ஆம் ஆண்டில் ஒரு தனிச்சட்டமே உறுதிசெய்தது. மற்ற இடங்களுக்கு அந்த நற்பேறு இல்லை. 2000ஆம் ஆண்டின் நாட்டுப்புற வழியுரிமைச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மலைகள், தரிசுகள், பொதுநிலங்கள் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையை வழங்கியபோது, 1892ஆம் ஆண்டின் படைநிலச் சட்டத்தின்கீழ் துணைவிதிகள் இயற்றப்பட்ட நிலங்களை விலக்கியே வைத்தது. அத்தகைய நிலங்களில், பழைய பொதுவழிகளைத் தவிர, மக்களின் நடை பெரும்பாலும் பாதுகாப்பு அமைச்சகத்தின் இசைவையே நம்பியிருக்கிறது.

இசைவு வேறு, உரிமை வேறு என்பதை இம்பர் ஊரின் கதை உணர்த்துகிறது. சாலிஸ்பரி சமவெளியிலுள்ள அவ்வூர் மக்கள் 1943 நவம்பரில் அழைக்கப்பட்டு, படைப்பயிற்சிக்காக டிசம்பருக்குள் வீடுகளைக் காலிசெய்யும்படி சொல்லப்பட்டார்கள். போர் முடிந்த பின்னும் அவர்கள் திரும்ப விடப்படவில்லை. இன்றும் ஆண்டில் சில நாள்கள் மட்டுமே அவ்வூருக்குச் செல்லும் சாலை திறக்கிறது. அதே டிசம்பரில் காலிசெய்யப்பட்ட, டார்செட் மாவட்டத்தின் லல்வொர்த் பயிற்சி நிலத்துக்குள் இருக்கும் டைன்ஹாம் ஊரின் கதையோ வேறு வழியில் சென்றது. 1973இல், படைநிலங்களை மறுஆய்வு செய்த நியூஜென்ட் குழு அந்தப் பயிற்சி நிலத்தை விடுவிக்கப் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை என்றாலும், மக்களின் தொடர்ந்த வற்புறுத்தலால் பாதைகள் விரிவாகத் திறக்கப்பட்டன. இப்போது பெரும்பாலான வார இறுதிகளில், பாதுகாப்பான பாதையைக் காட்டும் மஞ்சள் கம்பங்களுக்கிடையே, அங்கே நடக்க முடிகிறது. கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது என்பதை மறக்கலாகாது.

ஆபத்து உண்மையானது. வெடிக்காத குண்டுகள் பல பத்தாண்டுகளாக மண்ணில் கிடக்கின்றன. கம்பங்களைத் தாண்டுவதையோ, கிடக்கும் உலோகத் துண்டைத் தொடுவதையோ நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். உழவும் உரமும் படாததால் சாலிஸ்பரியின் சுண்ணாம்புப் புல்வெளி அரிய உயிரினங்களுக்குப் புகலிடமாக நிலைத்திருப்பதும் மெய்யே. ஆயினும் பீரங்கி வண்டிகள் உருளும் நிலத்தில், பாதையோடு நடப்பவரால் இயற்கை கெடும் என்ற வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. தரையில் கூடுகட்டும் பறவைகளுக்காகச் சில மாதங்கள் நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னால் நடப்பவர்கள் இணங்குவார்கள்.

நான் கேட்பது, சுடாத நாளில் திறந்திருப்பதே விதியாக வேண்டும் என்பது. அறிவித்த பயிற்சி கைவிடப்பட்டால் கொடியை உடனே இறக்கி, அன்றே இணையத்திலும் நுழைவாயில் பலகையிலும் தெரிவிக்க வேண்டும். வெறுமனே பறக்கும் கொடியைப் பலமுறை கண்டவர், உண்மையில் சுடும் நாளிலும் அதை நம்பாமல் உள்ளே நுழையக்கூடும்.