வீராவுக்கு மூச்சு எங்கே முட்டுகிறது?

ஜூலை 6

சிப்பாங் பந்தயத் தடத்திலிருந்து கோலாலம்பூர் செந்தூல் வந்து சேர இரவு பதினொன்றாகிவிட்டது. இன்று நான்கு ஓட்டம். ஓட்ட நேரம் அச்சிட்டுத் தரும் சீட்டில் நல்லது ஒன்றுதான்: 402 மீட்டர், 12.6 வினாடி, கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 185 கிலோமீட்டர். முதல் 60 அடிக்கு 2.1 வினாடி ஆனது, முன் டயர் சுழன்றதால். அது எனக்குப் புரிகிறது. புரியாதது மூன்றாவது கியர். எஞ்சின் நிமிடத்துக்கு 6,500 சுற்றைத் தாண்டியதும் வண்டி இழுப்பதை நிறுத்திவிடுகிறது. பூஸ்ட் மீட்டர் மட்டும் 1.4 பாரில் அசையாமல் நிற்கிறது.

அப்பா 1995-இல் வாங்கிய புரோட்டோன் வீரா இது. பள்ளிக்கூடத்துக்கு இதில்தான் போனேன். இப்போது உள்ளே இருப்பது ஹாஃப் கட் கடையில், அதாவது பாதியாக வெட்டிய பழைய வண்டிகளை விற்கும் கடையில், எடுத்த மிட்சுபிஷி லான்சரின் 1.8 டர்போ, 4ஜி93. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் கொண்டுவரும் அதன் வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட், ஓர் அடாப்டர் தட்டு, அதன் மேல் அந்தப் புகையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கேரட் 2871 டர்போ.

ஜூலை 7

பட்டறை ஃபோர்மேன் அண்ணன் சீட்டைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்: "எக்ஸ்ட்ராக்டர் போடு தம்பி. இந்த இரும்புக் கட்டையை வெச்சிக்கிட்டு எவ்வளவு தூரம் ஓடுவ?" மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டும், கையால் செய்த ஸ்டெயின்லெஸ் எக்ஸ்ட்ராக்டர், நான்கு குழாயும் ஒரே நீளம், 4,500 வெள்ளி (ரிங்கிட்).

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த எஞ்சின் 1-3-4-2 வரிசையில் வெடிக்கிறது. 180 பாகைக்கு ஒரு முறை ஒரு சிலிண்டர் புகையைத் தள்ளுகிறது. ஆனால் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு அதைவிட அதிக நேரம் திறந்திருக்கும். ஆகவே ஒன்று தள்ளும் வேகம், வால்வு இன்னும் மூடாத வேறொரு சிலிண்டருக்குள் போய் முட்டும். குழாய் தனித்தனியாக நீண்டு வந்து டர்போ வாயில் சேர்ந்தால் அந்த மோதல் குறையும். என் மேனிஃபோல்டில் நான்கும் குட்டைக் குழாய், ஒரே அறையில் கொட்டுகின்றன.

பணம் இருக்கிறது. தீபாவளிக்கு ஒதுக்கி வைத்தது. மனம் எக்ஸ்ட்ராக்டர் பக்கம்தான் சாய்கிறது.

ஜூலை 9

அக்கா கிள்ளானிலிருந்து வந்திருந்தார். பாமாயில் ஆலையில் கொதிகலன் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். கையோடு ஒரு கூடை டுரியான். தின்றுகொண்டே நான் கதை சொன்னேன்.

"டர்போவுக்கு முன்னாடி பிரஷர் எவ்வளவுடா?"

தெரியாது என்றேன்.

"அப்புறம் எப்படி குழாய்தான் அடைக்குதுன்னு சொல்ற?"

பதில் இல்லை. மூன்று வருடமாகப் பூஸ்ட் மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம். வெளியேறும் புகை எவ்வளவு அழுத்தத்தில் நெருக்கியடித்து நிற்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் எஞ்சின் நன்றாக மூச்சு விடுகிறது. புகை அழுத்தம் இரண்டு மடங்கானால், காற்று வரும் வால்வும் புகை போகும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நொடியில் சூடான புகை சிலிண்டருக்குள்ளேயே திரும்பி வரும். புதுக் காற்றுக்கு இடம் போய்விடும். நாக்கிங்கும், அதாவது எரிபொருள் கட்டுமீறி வெடித்துத் தட்டுவதும், அதனால்தான் சீக்கிரம் வரும்.

ஜூலை 13

சனிக்கிழமை முழுவதும் பட்டறையில். மேனிஃபோல்டைக் கழற்றித்தான் துளை போட்டோம். மாட்டியபடியே போட்டால் இரும்புத் தூள், டர்போவில் புகை சுழற்றும் டர்பைன் இறக்கைக்குப் போய்விடும். அடாப்டர் தட்டில் ஒரு துளை, ஒன்றாம் சிலிண்டர் குழாயில் எஞ்சின் தலைக்குப் பக்கத்தில் ஒன்று. இரண்டுக்கும் அரைக்கால் அங்குல மரை. டர்பைனுக்குப் பின்னால் புகை வெளியேறும் டவுன்பைப் குழாயில் மூன்றாவது.

புகை 900 டிகிரி வரை போகும், மீட்டர் தாங்காது. அக்கா செப்புக் குழாயை ஸ்பானர் பிடியில் சுற்றிச் சுருள் ஆக்கினார். நீராவிக் குழாயில் மீட்டர் வைக்கும்போதும் இப்படித்தான் ஒரு சுருள் வைப்பார்களாம். சுருளைத் தாண்டுவதற்குள் சூடு இறங்கிவிடும், அழுத்தம் மட்டும் வந்து சேரும். ஃபோர்மேன் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். சாயந்திரம் அவரே இன்னொரு சுருள் சுற்றிக் கொடுத்தார்.

ஜூலை 14

டைனோ, வண்டியை நிற்கவைத்தே ஓட்டி இழுவையை அளக்கும் மேடை. பூஸ்ட் 1.4 பார், 7,000 சுற்று.

ஒன்றாம் சிலிண்டர் பக்கத்தில் 3.0 பார். டர்போ வாயில் 2.9. டர்பைனுக்குப் பின்னால் 0.15.

மூன்று முறை ஓட்டியும் அதே எண்கள். தலையிலிருந்து டர்போ வரை மொத்தமும் இழப்பது 0.1 பார்தான். அந்த இரும்புக் கட்டையைக் கழற்றி 4,500 வெள்ளிக் குழாயை மாட்டினாலும் அந்த 0.1-இல்தான் ஏதோ மிஞ்சும். மோதல் குறைவதால் வரும் லாபம் தனி. அதை இந்த மீட்டர் காட்டாது, ஏனென்றால் அது சராசரியைத்தான் காட்டும். ஆனாலும் 2.75 பார் ஒரே இடத்தில் தேங்குகிறது: டர்பைனில். டவுன்பைப் சுத்தம்.

என் 2871-இல் இருப்பது 0.64 ஹவுசிங். இதே டர்போவுக்கு 0.86-உம் உண்டு. டர்பைன் சக்கரத்தைச் சுற்றியிருக்கும் நத்தைக்கூட்டின் வாய் அதில் பெரிது. பூஸ்ட் கொஞ்சம் தாமதமாக ஏறும். தெருவில் ஓட்டும் வண்டிக்கு அது நஷ்டம். எங்களுக்கு இல்லை. ஸ்டார்ட் கோட்டிலேயே, நிற்கும்போது சுற்றை ஓர் அளவில் பிடித்து வைக்கும் டூ-ஸ்டெப்பில் பூஸ்டை ஏற்றி வைத்துவிட்டுத்தான் கிளட்சை விடுகிறோம், அப்புறம் பூஸ்ட் குறையும் அளவுக்குச் சுற்று கீழே இறங்குவதே இல்லை.

ஜூலை 16

எக்ஸ்ட்ராக்டரை இன்னும் முழுதாக விட மனமில்லை. நண்பன் ஒருவனுடைய ஸ்டெயின்லெஸ் எக்ஸ்ட்ராக்டரைப் போய்ப் பார்த்தேன். வெளியே மீன் செதில் போல அழகான வெல்டிங். உள்ளே விரல் விட்டால் கரடுமுரடாகப் பொரிந்திருக்கிறது. காற்று படாமல் காக்கும் ஆர்கன் வாயுவைக் குழாய்க்குள் நிரப்பாமல் வெல்டிங் செய்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் இரண்டு இடத்தில் விரிசல். டர்போவின் முழுப் பாரமும் அந்த மெல்லிய குழாயில் தொங்குகிறது, தாங்குவதற்கு ஒரு பிராக்கெட் கூட இல்லை.

ஸ்டெயின்லெஸ் சூட்டில் வார்ப்பிரும்பைவிட அதிகம் நீளும். 60 சென்டிமீட்டர் குழாய் 800 டிகிரி சூடேறினால் சுமார் 8 மில்லிமீட்டர். அந்த நீளம் எங்காவது போக வேண்டும். போக இடம் இல்லையென்றால் வெல்டிங்கைப் பிளக்கும். செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும், ஒழுங்காகச் செய்ய 4,500 போதாது.

பழைய 0.86 ஹவுசிங் ஒன்று 700 வெள்ளிக்குக் கிடைத்தது. வாங்கிவிட்டேன். மீதியில் ஒரு ஜோடி ஸ்லிக் டயர், வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்.

ஜூலை 21

டைனோ மறுபடியும். அதே 1.4 பார், அதே 7,000 சுற்று. டர்போ வாயில் 2.1 பார். இழுவை 7,200 வரை குறையாமல் நிற்கிறது. பூஸ்ட் 500 சுற்று தாமதம், எதிர்பார்த்ததுதான். அக்காவுக்கு மீட்டரைப் படம் பிடித்து அனுப்பினேன். "கசியுதான்னு சோப்புத் தண்ணி அடிச்சுப் பார்" என்று மட்டும் பதில் வந்தது.

ஆகஸ்ட் 3

சிப்பாங். மழைக்கு முன் இரண்டு ஓட்டம்தான் கிடைத்தது. இரண்டாவது: 12.1 வினாடி, 191 கிலோமீட்டர். 60 அடி 1.9. சீட்டை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 4

சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். மேனிஃபோல்டில் இரண்டாவது, மூன்றாவது குழாய்க்கு நடுவில் குமிழி வந்தது. மயிரிழை விரிசல். ஃபோர்மேன் அண்ணன் சிரித்தார், "இப்பவாவது எக்ஸ்ட்ராக்டர்?" என்றார். வேண்டாம் என்றேன், இந்த முறை தயங்காமல். ஹாஃப் கட் கடையில் இதே மேனிஃபோல்ட் இன்னொன்று இருக்கிறது, 180 வெள்ளி. நாளை எடுத்து வந்து, மாட்டுவதற்கு முன் அதே இடத்தில் அரைக்கால் அங்குலத் துளை போட வேண்டும்.