வரிக் கடைசியில் ஒரு 13

தரவைத் துப்புரவாக்கும் கட்டளைகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. எங்கே என்ன கிடக்கிறது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும் கட்டளைதான் பிடிக்கும். கொழும்பு யூனியன் பிளேஸில் ஒரு காப்புறுதிக் கந்தோரின் தரவுப் பிரிவில் இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

கிளைகள் அனுப்பும் வாடிக்கையாளர் பட்டியலை, தேசிய அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தலைமைப் பட்டியலுடன் சேர்ப்பது எங்கள் மாத வேலை. ஒருமுறை ஒரு கிளையின் பட்டியலில் ஓர் ஆள்கூடச் சேரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்த தங்கச்சி ஒருத்தி இரண்டு இலக்கங்களையும் திரையில் அருகருகே வைத்தாள். "அண்ணா, ரெண்டும் ஒண்டுதானே, ஏன் சேருதில்லை?" பார்வைக்கு ஒன்றேதான். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்துமாக 10 இடம். 2016இலிருந்து கொடுபடும் அட்டையில் 12. நீளத்தை அளந்தால் 11, 13 என்று வந்தது.

சாஸ் என்ற தரவுப் பகுப்பாய்வு மென்பொருளில் நொட்பிரின்ட் என்றொரு சார்பு உண்டு. ஒரு சொல்லைக் கொடுத்தால், அச்சில் வராத முதல் எழுத்து எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லும். அப்படி எதுவும் இல்லாவிட்டால் 0. பழைய அட்டைக்கு அது 11 என்றது. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த 11ஆவது எழுத்தின் எண்ணை, அதைச் சொல்லும் ரேங்க் சார்பிடம் கேட்டோம்: 13. அதோடு சங்கதி விளங்கிவிட்டது. விண்டோஸ் வரி முடிவில் 13, 10 என இரண்டு குறி வைக்கும். எங்கள் சேர்வர் லினக்ஸ், அதற்கு 10 மட்டும் போதும். மிஞ்சிய 13 கடைசி நிரலில் ஒட்டிக்கொண்டது. கடைசி நிரல் அடையாள அட்டை. (வண்டியைத் தொடக்கத்துக்குத் தள்ளு, தாளை ஒரு வரி ஏற்று என்ற டெலிபிரின்டர் காலத்துக் கட்டளைகள் இவை, ஓய்வூதியம் கிடைக்காமல் இன்னும் வேலை பார்க்கின்றன.) கோப்பை வாசிக்கும் கட்டளையில், வரி முடிவுக் குறி எது என்று சொல்லும் டேர்ம்ஸ்டர் தெரிவைச் சேர்த்ததும் எல்லாம் சேர்ந்தது. ஓர் எழுத்தையும் அழிக்கவில்லை.

எக்செலில் அச்சில் வராதவற்றை நீக்கும் கிளீன் சார்பு போதாதா என்று மேலிடத்தில் கேட்பார்கள். அது 0 முதல் 31 வரையானவற்றை எடுத்துவிடும். இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டும்போது வரும் 160ஐத் தொடாது. 160 வெற்றிடம் போலவே தோன்றும். மிகை வெற்றிடங்களை நீக்கும் ட்ரிம் போட்டாலும் போகாது. போதாததற்கு, கிளீன் எடுத்ததை எங்கே எடுத்தது என்றும் சொல்லாது. விலாசத்தில் 'காலி வீதி' என்று அடித்து, ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தி, அடுத்த வரியில் 'கொழும்பு 06' என்று எழுதியிருப்பார்கள். நடுவிலுள்ள 10ஐ எடுத்தால் வீதியும் கொழும்பும் ஒரே சொல்லாகிவிடும்.

இதைவிடக் கரைச்சல் சிங்களப் பெயர்களில். ஸ்ரீ என்பதைச் சிங்களத்தில் யூனிகோட்டில் எழுத, நடுவே 8205 என்ற எண்ணுள்ள இணைப்பான் வேண்டும். அதற்கு உருவமோ அகலமோ இல்லை. பைத்தன் நிரல்மொழியில் அச்சில் வருமா என்று பார்க்கும் இஸ்பிரின்டபிள் அதை அச்சில் வராதது என்றுதான் சொல்லும். வெளியிலிருந்து வாங்கிய ஒரு துப்புரவுப் புரோகிராம் அப்படிச் சொன்னவை எல்லாவற்றையும் கூட்டித் தள்ளியிருந்தது. பக்கத்து மேசைச் சிங்கள நண்பர் அச்சடித்த தாளோடு வந்து, "மல்லி (தம்பி), என் பெயரை உடைத்தது யார்?" என்றார். இணைந்து நிற்க வேண்டிய எழுத்து, மேலே ஒரு குறியோடு இரண்டாகப் பிரிந்து நின்றது. தமிழுக்கு அந்த இணைப்பான் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அதனால் எங்கள் கண்ணில் முதலில் படவேயில்லை.

நொட்பிரின்டும் இங்கே கைகொடுக்காது. அது ஒற்றை பைட் எழுத்துகளுக்கானது. யூனிகோட்டைச் சேமிக்கும் முறையான யூரிஎஃப்-8இல் தமிழ், சிங்களக் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். இலக்கமும் ஆங்கிலமும் உள்ள நிரல்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டோம். பெயர்களுக்கு, எந்த எண் எத்தனை நிரையில் வருகிறது என்று முதலில் அட்டவணை போட்டோம். வரிக் கடைசி 13ஐ நீக்கலாம், 160 வெற்றிடமாகும், விலாசத்து 10 காற்புள்ளியாகும், 8205ஐத் தொடக்கூடாது. இவ்வளவையும் முடிவுசெய்தது மனிதர்கள்தான், அதுவும் மும்மொழிக்காரர்களும் ஒரே மேசையில் இருந்து.

பிறகு விலாசத்தை மூன்று நிரல்களாக்கிக் கிளைகளுக்குப் புதிய படிவம் அனுப்பினோம். 10 வருவது குறைந்தது. இப்போது 9 வருகிறது. யாரோ டேப் அழுத்துகிறார்கள்.